யாருடைய சாலையில் நடப்பது? திபெத் விடுதலை நடைப்பயணங்கள் பற்றி

திபெத் விடுதலைக்காக நடந்தவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். யாரை எதிர்த்து நடக்கிறார்களோ, அந்தச் சீன அரசு அவர்கள் நடக்கிற சாலையில் எங்குமே இல்லை. சாலை இந்தியாவுடையது, இல்லையென்றால் அமெரிக்காவுடையது. வழிமறிக்கிற போலீஸும் அந்த நாட்டுப் போலீஸ்தான். காந்தி 1930-ல் சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்தபோது அவர் மிதித்த மண்ணும், அங்கே அள்ளிய உப்பும், அந்த உப்புக்கு வரி போட்ட அரசும் ஒரே இடத்தில் இருந்தன. கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து குனிந்தால் சட்டம் உடைந்துவிடும். திபெத்தியர்களுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. அவர்கள் உடைக்க நினைக்கிற பூட்டு இமயமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே போய்ச் சேரும் முன் தங்களுக்கு அடைக்கலம் தந்த நாட்டின் பொறுமையைத்தான் முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கல் முழுவதும் ஒரே இடத்தில் வெடித்தது 2008-ல்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடங்க இருந்தது. உலகக் கேமராக்கள் எல்லாம் சீனாவைப் பார்க்கப் போகின்றன, இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று புலம்பெயர்ந்த திபெத்தியர்களின் ஐந்து அமைப்புகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. திபெத்திய இளைஞர் காங்கிரஸ், திபெத்தியப் பெண்கள் சங்கம், முன்னாள் அரசியல் கைதிகளின் அமைப்பான கு-சு-சும், திபெத் தேசிய ஜனநாயகக் கட்சி, சுதந்திரத் திபெத்துக்கான மாணவர் அமைப்பின் இந்தியக் கிளை ஆகியவைதான் அந்த ஐந்து. திட்டம் கேட்க எளிமையானது: தலாய் லாமா வசிக்கிற, இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் மார்ச் 10 அன்று கிளம்பி, மாதக்கணக்கில் நடந்து, ஒலிம்பிக்ஸ் நடக்கிற நேரத்தில் எல்லையைத் தாண்டி சொந்த ஊருக்குள் போய்விடுவது. விசா வாங்காமல், சீனாவிடம் அனுமதி கேட்காமல். எந்தக் கணவாய் வழியாக என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

மார்ச் 10 என்பது சும்மா எடுத்த தேதி இல்லை. 1959-ல் அதே நாளில்தான் லாசாவில் ஆயிரக்கணக்கான மக்கள் தலாய் லாமாவின் கோடைகால அரண்மனையான நோர்புலிங்காவைச் சுற்றி அரண்போல நின்றார்கள். சீன ராணுவ முகாமில் நடக்கவிருந்த ஒரு கலை நிகழ்ச்சிக்கு அவரைப் பாதுகாவலர்கள் இல்லாமல் வரச் சொன்னார்கள் என்ற செய்தி பரவி, கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில் கூடிய கூட்டம் அது. மார்ச் 17 இரவு அவர் மாறுவேடத்தில் வெளியேறினார், இரண்டு வாரம் கழித்து மார்ச் 31-ல் தவாங் பக்கம் இந்திய எல்லைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் பல்லாயிரம் பேர் வந்தார்கள். அதற்கப்புறம் வருஷாவருஷம் மார்ச் 10 எழுச்சி நாளாகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறு எந்தப் போராட்டக் குழுவுக்கும் நடைப்பயணம் ஒரு உத்தி, அவ்வளவுதான். திபெத்திய அகதிகளுக்கு அது பிழைத்து வந்த வழி. 1959-க்குப் பிறகும், குறிப்பாக 1990-களிலும் 2000-களிலும், வருஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வரை பனிக்கணவாய்களைக் கால்நடையாகக் கடந்து நேபாளம் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எவரெஸ்டுக்கு மேற்கே இருக்கிற நங்பா லா கணவாய் 5,700 மீட்டர் உயரம். கைக்குழந்தையோடு, செருப்பு அறுந்து, விரல்கள் பனியில் கருகி வந்தவர்கள் உண்டு. 2006 செப்டம்பர் 30 அன்று அந்தக் கணவாயில் நடந்துகொண்டிருந்தவர்கள் மீது சீன எல்லைக் காவலர்கள் சுட்டதில் 17 வயதுப் பெண் துறவி ஒருவர் இறந்தார். பக்கத்தில் சோ ஓயு சிகரம் ஏற வந்திருந்த வெளிநாட்டு மலையேறிகளின் கேமராவில் அது பதிவாகிவிட்டதால்தான் உலகத்துக்கே தெரிந்தது. 2008 பயணத்தில் சேர்ந்தவர்களில் பலர் இந்தியாவில் பிறந்து திபெத்தைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள் என்றால், வேறு பலர் இப்படி நடந்து வந்தவர்கள். அவர்களுக்கு இது வந்த வழியே திரும்பிப் போகும் பயணம்.

சரி, நடந்தது என்ன?

மார்ச் 10 காலையில் நூறு பேர் தர்மசாலாவில் கிளம்பினார்கள். காவித் துணி போர்த்திய துறவிகள், பெண் துறவிகள், கல்லூரி மாணவர்கள், முதியவர்கள். தலாய் லாமா படமும் காந்தி படமும் முன்னால் போயின. வன்முறையில் இறங்க மாட்டோம் என்ற உறுதிமொழியோடுதான் ஒவ்வொருவரும் சேர்ந்திருந்தார்கள். அன்றே தர்மசாலா இருக்கிற காங்ரா மாவட்டத்தின் நிர்வாகம், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று தடை போட்டது. அவர்கள் நிற்கவில்லை. மார்ச் 13 அன்று டேரா என்ற ஊர் அருகே போலீஸ் வழிமறித்தது. நடந்தவர்கள் சாலையிலேயே உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொள்ள, போலீஸார் ஒவ்வொருவராகத் தூக்கிப் போய் வண்டியில் ஏற்றினார்கள். 14 நாள் காவல். இரண்டு நாள் கழித்து, அதே டேராவிலிருந்து 44 பேர் கொண்ட இரண்டாவது குழு நடக்க ஆரம்பித்தது.

இந்தியா ஏன் தடுத்தது என்ற கேள்விக்கு, சீனாவுக்குப் பயந்து என்ற ஒற்றை வரிப் பதில் எளிது. அது பாதிதான் உண்மை. தலாய் லாமாவை மரியாதைக்குரிய விருந்தினர், மதத் தலைவர் என்று டெல்லி எப்போதும் சொல்லும், கூடவே இந்திய மண்ணில் சீனாவுக்கு எதிரான அரசியல் நடவடிக்கைகளுக்குத் திபெத்தியர்களுக்கு அனுமதி இல்லை என்றும் சொல்லும். 1954-ல் சீனாவோடு போட்ட பஞ்சசீல ஒப்பந்தத்தில் 'சீனாவின் திபெத் பகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. 2003-ல் வாஜ்பாய் பெய்ஜிங் போனபோது திபெத் தன்னாட்சிப் பகுதியைச் சீன மக்கள் குடியரசின் நிலப்பரப்பின் ஒரு பகுதியாக ஏற்கிறோம் என்று இன்னும் தெளிவாகவே எழுதிக் கொடுத்தாயிற்று. அப்படி இருக்கும்போது, இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி, ராணுவம் காவல் காக்கிற, இன்னும் முழுதாக வரையறுக்கப்படாத ஒரு எல்லையை அனுமதியில்லாமல் தாண்டப் போனால், அது போராட்டம் என்பதிலிருந்து எல்லைப் பிரச்சினையாக மாற ஒரு நிமிஷம் போதும். அந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்தால் இந்தப் பக்கம் யார் பதில் சொல்வது? டெல்லி அதிகாரிகளின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இந்தப் பக்கம், டேராவில், கையில் பிரார்த்தனை மணியோடு நடந்தவர்களைப் பிடித்து உள்ளே போட அந்தப் பயம் மட்டும் போதுமான காரணமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

நடந்தவர்களின் சட்ட நிலையையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இருக்கிற திபெத்தியர்களில் பெரும்பாலோர் குடிமக்கள் இல்லை. அன்று நடைமுறையில் இருந்த 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் (2025-ல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது) வெளிநாட்டவர்கள், கையில் இருப்பது ஒரு பதிவுச் சான்றிதழ். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், நீண்ட நாள் வெளியூர் போனால் போலீஸில் சொல்ல வேண்டும். வெளிநாடு போக பாஸ்போர்ட் கிடையாது, மஞ்சள் அட்டை போட்ட ஓர் அடையாளச் சான்றிதழ்தான். ஒரு வழக்கு விழுந்தால் அடுத்த முறை சான்றிதழ் புதுப்பிக்கும்போது எப்படி நடத்துவார்களோ என்ற கவலை ஒவ்வொருவருக்கும் உண்டு. நம்மூர்ப் போராட்டக்காரர் மாலையில் கல்யாண மண்டபத்திலிருந்து விடுதலையாகி வீட்டுக்கு வந்துவிடுவார். இவர்களுக்குப் போய்ச் சேர வீடு என்று ஒன்றே அந்தக் காகிதத்தின் தயவில்தான் இருக்கிறது.

இவர்கள் டேராவில் தடுக்கப்பட்ட அதே வாரம் திபெத்துக்குள்ளேயே தீப்பற்றிவிட்டது. மார்ச் 10 அன்று லாசாவுக்கு வெளியே இருக்கிற டிரெபுங் மடத்திலிருந்து நூற்றுக்கணக்கான துறவிகள் நகரத்தை நோக்கி நடந்தார்கள், வழியில் மறிக்கப்பட்டார்கள். மார்ச் 14 அன்று லாசாவில் கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின, பிறகு கிழக்கே காம், ஆம்தோ பகுதிகளுக்கும் போராட்டம் பரவியது. சீனா சொன்ன சாவு எண்ணிக்கை இருபதை ஒட்டி நின்றது, அதில் பெரும்பாலோர் கலவரத்தில் இறந்த பொதுமக்கள் என்றது. தர்மசாலாவில் இயங்கும் புலம்பெயர்ந்த திபெத்தியர்களின் நிர்வாகம் இருநூறுக்கும் மேல் திபெத்தியர்கள் கொல்லப்பட்டதாகச் சொன்னது. இரண்டையும் சரிபார்க்க வெளியாட்களை உள்ளே விடவில்லை. எல்லாம் தலாய் கும்பலின் சதி, இந்த நடைப்பயணமும் அதில் ஒரு பங்கு என்று பெய்ஜிங் சொல்லியது, இளைஞர் காங்கிரஸைப் பயங்கரவாத அமைப்பு என்று திட்டியது.

ஆனால் அந்த 'தலாய் கும்பல்' எவ்வளவு பிளவுபட்டுக் கிடந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம்.

தலாய் லாமா விடுதலை கேட்கவில்லை. 1970-களின் நடுவிலேயே அவர் அந்த முடிவுக்கு வந்துவிட்டார். 1987-ல் வாஷிங்டனில் ஐந்து அம்சத் திட்டம், 1988 ஜூனில் ஸ்ட்ராஸ்பர்கில் இன்னும் வெளிப்படையாக: திபெத் சீனாவோடு இருக்கட்டும், உண்மையான தன்னாட்சி கொடுங்கள், மொழியும் மதமும் சுற்றுச்சூழலும் எங்கள் கையில் இருக்கட்டும். இதற்கு நடுவழி என்று பெயர். நடைப்பயணம் நடத்திய ஐந்து அமைப்புகளில் 1970-லிருந்து இயங்கும் இளைஞர் காங்கிரஸ் போன்றவை முழு விடுதலை, அவர்கள் மொழியில் ரங்சென், அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்பவை. அதனால் தலாய் லாமா படத்தைத் தூக்கிக்கொண்டு, தலாய் லாமாவின் கொள்கைக்கு எதிரான கோரிக்கையோடு நடக்கிற ஒரு விசித்திரமான ஊர்வலம் அது. மார்ச் மூன்றாம் வாரத்தில் அவர் அமைப்பாளர்களை அழைத்து, எல்லைக்குப் போனால் சீனப் படையோடு மோதல் வரும், நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். லாசா வன்முறை கைமீறினால் பதவி விலகுவேன் என்றும் அதே நாட்களில் சொன்னார். யாரைத் தெய்வமாகக் கும்பிடுகிறோமோ அவரே வேண்டாம் என்கிறார். நடந்துகொண்டிருந்த துறவிகளின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். பலர் அழுதுகொண்டேதான் தொடர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் தொடர்ந்தார்கள்.

இந்தப் பிளவு தலாய் லாமாவின் சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய மூத்த அண்ணன் துப்தென் ஜிக்மே நோர்பு, தக்த்செர் ரின்போசே என்று மரியாதையாக அழைக்கப்பட்டவர். கும்பும் மடத்தின் தலைவராக இருந்தவர். 1950-களின் தொடக்கத்திலேயே திபெத்தை விட்டு வெளியேறி, பிறகு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தம்பி தன்னாட்சி பேச, அண்ணன் கடைசிவரை முழு விடுதலை என்றே நின்றார். 1995-ல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், சர்வதேசத் திபெத் விடுதலை இயக்கம் என்ற அமைப்பை இந்தியானாவில் சிலரோடு சேர்ந்து ஆரம்பித்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். முதல் வருஷம் புளூமிங்டனிலிருந்து இந்தியானாபொலிஸ் வரை 80 மைல். அடுத்த வருஷம் வாஷிங்டனிலிருந்து நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகம் வரை 300 மைல். 1997-ல் கனடாவின் டொராண்டோவிலிருந்து நியூயார்க்குக்கு 600 மைல், கிட்டத்தட்ட 965 கிலோமீட்டர். எழுபத்து நான்கு வயசில்!

அந்த அமெரிக்கப் பயணங்களை யாரும் தடுக்கவில்லை. எந்த ஊரிலும் தடையுத்தரவு இல்லை, கூட்டமாக யாரையும் தூக்கி வண்டியில் ஏற்றவில்லை. வழியில் தேவாலயக் கூடங்களில் பேசினார்கள், பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. சுதந்திரமாக நடக்கலாம், ஆனால் அந்தச் சாலையின் சொந்தக்காரருக்கு இதில் இழக்க ஒன்றும் இல்லை, அதனால் பெரிய சலனமும் இல்லை. தர்மசாலாவில் கிளம்பியவர்கள் நான்காவது நாளே கைதாகி உலகச் செய்தியானார்கள். காங்ரா போலீஸ் அவர்களைச் சும்மா விட்டிருந்தால் அந்த வாரம் லாசா செய்திகளின் அடியில் அவர்கள் காணாமல் போயிருப்பார்கள். விழிப்புணர்வுப் பயணம் என்று சொல்லிக்கொள்ளும் எதற்கும் இந்தக் கசப்பான கணக்கு உண்டு: தடை இல்லாத சாலையில் பார்வையாளர்களும் குறைவு.

அண்ணன் 2008 செப்டம்பரில், ஒலிம்பிக்ஸ் முடிந்த சில நாட்களில் இறந்தார். அவர் மகன் ஜிக்மே நோர்பு அப்பாவின் வழக்கத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் தொடர்ந்து நீண்ட நடைகள் போனார், பெரும்பாலும் தனியாக அல்லது ஒன்றிரண்டு பேரோடு. 2011 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவில் 300 மைல் நடையைத் தொடங்கிய முதல் நாள் மாலை, இருட்டிய கடற்கரை நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தார். 45 வயது. குழுவாக நடப்பதில் இருக்கிற பாதுகாப்பு பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பின்னால் ஒரு வண்டி, முன்னால் கொடி பிடித்த ஒருவர், வரிசையாக நூறு பேர் என்றால் லாரி ஓட்டுநருக்குக் கண்ணில் படும். தனி ஆள் அந்த இருட்டில் யாருக்கும் தெரிய மாட்டார்.

இந்தியாவுக்குத் திரும்புவோம். இரண்டாவது குழுவும், விடுதலையானபின் வந்து சேர்ந்துகொண்டவர்களுமாக அந்தக் கூட்டம் வட இந்தியச் சமவெளிக்கு இறங்கியது. மலைக் குளிருக்குப் பழகிய உடம்புகள் ஏப்ரல், மே வெயிலில் தார்ச்சாலையில். ஏப்ரல் 17 அன்று ஒலிம்பிக் ஜோதி டெல்லிக்கு வந்தபோது ராஜபாதையைச் சுற்றி நகரத்தின் நடுப்பகுதியையே அடைத்துவிட்டு, இரண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஆயிரக்கணக்கான போலீஸ் காவலோடு அதை ஓடவிட்டார்கள். அதே நாள் திபெத்தியர்கள் தங்களுக்கென்று ஒரு மாற்று ஜோதியை எடுத்து ஓடினார்கள், டெல்லிப் பொதுமக்கள் பலரும் அதில் கலந்துகொண்டார்கள்.

நடைப்பயணக் குழு டெல்லியைத் தாண்டி உத்தராகண்ட் மலைகளில் ஏறியது. பித்தோராகட் மாவட்டம் வரை போனார்கள். கைலாஷ் மானசரோவர் யாத்திரை போகிறவர்களுக்குத் தெரிந்த வழி அது, தார்சூலா தாண்டி லிபுலேக் கணவாய், அந்தப் பக்கம் திபெத். அங்கே எல்லையோரப் பகுதிக்குள் போக இன்னர் லைன் பெர்மிட் என்ற தனி அனுமதி வேண்டும், இந்தியக் குடிமக்களுக்கே அது கட்டாயம். ஜூன் மாதம் போலீஸ் அவர்களைத் தடுத்து நிறுத்தியது, கைது செய்து திருப்பி அனுப்பியது. மூன்று மாதம் நடந்த பயணம் எல்லையைப் பார்க்காமலேயே முடிந்தது. கைலாயத்துக்குப் பக்தர்கள் போகிற பாதையில், கைலாயம் யாருடைய மண்ணில் இருக்கிறதோ அவர்கள் போக முடியாது என்பதை எந்தக் கட்டுரையாளரும் கற்பனையாக எழுதியிருந்தால் மிகையாகத் தோன்றியிருக்கும்.

பலன் என்ன? எல்லை திறக்கவில்லை. ஒலிம்பிக்ஸ் கோலாகலமாக நடந்தது. அக்டோபர் கடைசியில் தலாய் லாமாவின் தூதர்கள் தன்னாட்சி பற்றிய விரிவான கோரிக்கை மனுவைப் பெய்ஜிங்கிடம் கொடுத்தார்கள், சீனா அதை நிராகரித்தது. 2010 ஜனவரிக்குப் பிறகு அதிகாரபூர்வப் பேச்சுவார்த்தையே இல்லை. கணவாய்களில் காவல் இறுகி, வருஷம் இரண்டாயிரம் பேர் வந்த இடத்தில் பிறகு நூறு பேர் வருவதே அபூர்வமானது. 2009-லிருந்து திபெத்துக்குள் 150-க்கும் மேற்பட்டவர்கள் தீக்குளித்தார்கள்.

ஆனாலும் ஒன்று நடந்தது. தலாய் லாமா வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு கூட்டம் அவர் மேல் மரியாதை குறையாமல் தொடர்ந்து நடந்தது, அகதிச் சமூகத்துக்குள் இது சின்ன விஷயம் இல்லை. அதே வருஷம் நவம்பரில் அவரே தர்மசாலாவில் ஒரு சிறப்பு மாநாட்டைக் கூட்டச் சொன்னார். உலகமெங்கும் இருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் ஆறு நாள் விவாதித்தார்கள். முடிவு நடுவழிக்கே சாதகமாக வந்தது, ஆனால் சீனா அசையாவிட்டால் முழு விடுதலை என்ற பேச்சு மறுபடி எழும் என்ற எச்சரிக்கையும் சேர்த்தே வந்தது. மூன்று வருஷத்தில், 2011-ல், தலாய் லாமா அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமையிடம் ஒப்படைத்துவிட்டார். இதெல்லாம் நடைப்பயணத்தால்தான் என்று சொன்னால் அது பொய். எதிர்த்துப் பேசலாம், பேசினால் துரோகியாகிவிட மாட்டோம் என்ற பழக்கம் வர அந்த மூன்று மாதங்களும் உதவின என்பது என் கணிப்பு.

2008 பயணத்தின் முன்னணியில் இருந்த ஒருவருக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. நெற்றியில் சிவப்புத் துணி கட்டிய கவிஞர் தென்சின் சுண்டூ, சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். படிப்பு முடிந்த கையோடு 1997-ல் தனியாக இமயத்தைக் கடந்து திபெத்துக்குள் போய், சீனக் காவலர்களிடம் மாட்டி, மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சொந்த நாட்டிலிருந்தே நாடு கடத்தப்பட்டார் என்றும் சொல்லலாம். 2002-ல் மும்பையில் சீனப் பிரதமர் தங்கியிருந்த ஹோட்டலின் வெளிச்சுவரில் ஏறிக் கொடி பிடித்தார். 2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்து மோடியோடு சிற்பங்களைச் சுற்றிப் பார்த்தாரே, அதற்குச் சில நாட்கள் முன்பே விழுப்புரம் மாவட்டத்தில் சுண்டூவை முன்னெச்சரிக்கையாகப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்கள் சிலரும் கைதானார்கள்.

அதே சுண்டூ 2021 பிப்ரவரி 12 அன்று, திபெத்தியப் புத்தாண்டு நாளில், தர்மசாலாவிலிருந்து மறுபடி நடக்க ஆரம்பித்தார். இந்த முறை கூட்டம் இல்லை, எல்லையை நோக்கியும் இல்லை. லடாக் எல்லையில் இந்திய, சீனப் படைகளுக்கு இடையே கல்வான் மோதல் நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, சீனப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொல்லும் குரல்கள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் 500 கிலோமீட்டர் நடந்து டெல்லிக்குப் போனார், கோரிக்கையும் டெல்லியிடம்தான்: ஒரே சீனா என்ற கொள்கையை இந்தியா கைவிட வேண்டும், திபெத் சீனாவின் பகுதி என்று எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற வேண்டும். அதற்குப் பதில் இதுவரை வரவில்லை.